ஓடும் பத்தாண்டும் ஓடாத நாற்பதாண்டும்

(ஜொகூர் பாருவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேகமாக ஓடுகிற ஒரு பிள்ளை நம் வீட்டில் பிறந்துவிட்டால் அவனை என்ன செய்வது? பாடுகிற பிள்ளைக்குப் பாட்டு வாத்தியாரைத் தேடுகிறோம். கணக்குப் போடுகிற பிள்ளையை ஊரே கொண்டாடுகிறது. ஓடுகிற பிள்ளைக்கு மட்டும் பள்ளி விளையாட்டுப் போட்டியன்று ஒரு கிண்ணமும் ஒரு கைதட்டும் கொடுத்துவிட்டு, மறுநாள் முதல் "போதும், போய்ப் படி" என்கிறோம். இன்று இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அதற்காக மூன்று பேரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். ஒருவர் அமெரிக்கர். ஒருவர் மலேசியத் தமிழர். மூன்றாமவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட சிங்கப்பூர்த் தமிழர். 1942 அக்டோபரிலிருந்து 1943 நவம்பருக்குள் மூவரும் பிறந்துவிட்டார்கள். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் மூவரும் ஓடினார்கள். ஏறத்தாழ ஒரே வயது, ஒரே திறமை. ஆனால் வாழ்க்கை மூன்று திசையில் போனது.

முதலில் அமெரிக்கர். பெயர் பாப் ஹேய்ஸ். அவர் கதையைச் சொல்வதற்குமுன் அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் காற்பந்து என்றால் காலால் ஆடுவது. அமெரிக்கர்களின் ஆட்டம் ரக்பிக்கு நெருங்கிய உறவு. முட்டை வடிவப் பந்து, 100 கெஜ நீளத் திடல், பக்கத்துக்கு 11 பேர், தலையில் கவசம், தோளில் பட்டை. நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இதில் இரண்டு வேலைகள் வேகக்காரனுக்கென்றே அமைந்தவை. ஒன்று 'ரன்னிங் பேக்'. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் மோதிக்கொள்ளும் சுவருக்குள் ஒரு சந்து திறக்கும் அந்தக் கண நேரத்தில் புகுந்து வெளியேற வேண்டும். இன்னொன்று 'ரிட்டர்னர்'. எதிரணி பந்தை உயரத்தில் உதைத்து அனுப்பும். இவன் பின்கோடியில் தனியாக நிற்பான். பந்து வானத்திலிருந்து இறங்குகிறது. 11 பேர் முழு வேகத்தில் இவனை நோக்கி வருகிறார்கள். பந்தைப் பிடித்து, அவர்களுக்குள்ளேயே நுழைந்து எதிர்க்கோடிக்கு ஓட வேண்டும். தைப்பூசக் கூட்டம் மலையேறும்போது ஒருவன் எதிர்த்திசையில் இறங்கி ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கூட்டம் முழுக்க அவனைத்தான் பிடிக்க வருகிறது என்று. 2007 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் டெவின் ஹெஸ்டர் என்பவர் முதல் உதையையே பிடித்து 92 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தார். பந்தைத் திருப்பிக்கொண்டு ஓடுவதையே முதன்மை வேலையாகச் செய்த அவருக்கு 2024இல் அந்த ஆட்டத்தின் புகழரங்கத்தில் இடம் கிடைத்தது.

புகழ் பெரிது, ஆயுள் குறைவு. முழங்காலும் கணுக்காலும் மோதலுக்கு மேல் மோதலைத் தாங்கித் தேய்ந்துவிடுகின்றன. ஒரு ரன்னிங் பேக்குக்கு 30 வயது ஆகிவிட்டால் அணிகள் அவனைக் கிழவனைப் போலப் பார்க்கத் தொடங்கிவிடுகின்றன.

பாப் ஹேய்ஸ் இந்த உலகத்திலிருந்து வந்தவர். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் ஊரில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். பேருந்து முதல் பள்ளிக்கூடம் வரை நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த காலம். கறுப்பின மாணவர்களுக்கான ஃபுளோரிடா ஏ அண்டு எம் கல்லூரியில் காற்பந்துக்காக இடம் கிடைத்தது. அங்கே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவராக ஆடினார். தடத்தில் ஓடியது அதற்குத் துணையாகத்தான்.

டோக்கியோவில் 100 மீட்டர் இறுதி. இப்போது இருக்கும் ரப்பர்த் தடம் அன்று கிடையாது, கரித்தூள் தடம். ஹேய்ஸுக்குக் கிடைத்தது உள்ளோரத்து முதல் வரிசை. அதற்குமுன் நடந்த நடைப்போட்டி அந்த வரிசையைக் குழிகுழியாக்கி வைத்திருந்தது. போதாக்குறைக்குக் காலணி ஒன்றைக் காணவில்லை. ஒரு காலுக்கு இரவல் காலணி போட்டுக்கொண்டு ஓடினார். 10.0 விநாடி. அன்றைய உலகச் சாதனைக்குச் சமம். பிறகு 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில் கடைசி ஆளாகக் கோலை வாங்கியபோது அமெரிக்கா பின்தங்கிக் கிடந்தது. முன்னால் போனவர்களையெல்லாம் தாண்டி முதலாவதாக வந்தார். 39.0 விநாடி, புதிய உலகச் சாதனை.

அப்போது அவருக்கு 21 வயது. உலகிலேயே வேகமான மனிதர். அதோடு தடத்தை விட்டுவிட்டார்! ஏன்? அந்த நாளில் ஒலிம்பிக் ஓட்டக்காரன் ஓட்டத்துக்குக் காசு வாங்கக் கூடாது. வாங்கினால் தகுதி போய்விடும். டல்லஸ் கவ்பாய்ஸ் காற்பந்து அணியோ சம்பளத்தை நீட்டியது. 1965 முதல் 1974 வரை அங்கே ஆடினார். பந்தை எட்டத்தில் வாங்கி ஓடும் ஆட்டக்காரராக அவரை நிறுத்தினார்கள். ஆளுக்கு ஆள் நின்று காத்துப் பழகியவர்களால் அவரைப் பிடிக்க முடியவில்லை. இடத்தைப் பங்கு போட்டுக் காக்கும் தடுப்பு முறை அந்த ஆட்டத்தில் வளர்ந்ததற்கு அவருடைய கால்களே ஒரு காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள். 1968இல் உதைத்த பந்தைத் திருப்பி ஓடுவதிலும் அவரே முதலிடம், சராசரி 20.8 கெஜம். 1972 ஜனவரியில் டல்லஸ் 24-3 என்று மயாமியை வீழ்த்திச் சூப்பர் பவுல் வென்றது. ஒலிம்பிக் தங்கமும் சூப்பர் பவுல் மோதிரமும் சேர்ந்து அமைந்த மனிதர் அவர்.

அவர் மட்டும் இல்லை. டோக்கியோ 200 மீட்டரில் தங்கம் வென்ற ஹென்றி கார் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்குப் போனார். 1968இல் மெக்சிகோவில் கறுப்புக் கையுறையோடு கையுயர்த்தி நின்ற டாமி ஸ்மித்தும் பிறகு சின்சினாட்டி அணியில் சேர்ந்தார். அதே மெக்சிகோவில் 100 மீட்டரை 9.95 விநாடியில் ஓடிய ஜிம் ஹைன்ஸ் மயாமி அணிக்குப் போனார். பந்து கையில் நிற்கவில்லை. 'ஊப்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்து அனுப்பிவிட்டார்கள். உலகத்தின் வேகமான காலும் பந்தைப் பிடிக்கத் தெரியாத கைக்கு உதவாது.

ஹேய்ஸின் மிச்சக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். 1975 அவருடைய கடைசிப் பருவம். அப்போது வயது 32. குடி அவரைப் பிடித்துக்கொண்டது. போதைப்பொருள் கைமாற்றிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். 2002இல், 59 வயதில், பிறந்த ஊரிலேயே இறந்தார். காற்பந்துப் புகழரங்கம் அவர் பெயரைச் சேர்த்தபோது ஆண்டு 2009.

இனி நம் ஆள். டான்ஸ்ரீ டாக்டர் மணி ஜெகதீசன். இங்குள்ள பெரியவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை, தம்பிகளுக்காகச் சொல்கிறேன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவுக்காக 400 மீட்டர் ஓடியபோது அவருக்கு 16 வயது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கம். 1964 டோக்கியோவில் 200 மீட்டர் அரையிறுதி வரை போனார். அந்தப் போட்டியில்தான் ஹென்றி கார் தங்கம் வென்றார் என்பதை நினைவில் வையுங்கள். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் என மூன்று தங்கம். 1968 மெக்சிகோவில் மறுபடி 200 மீட்டர் அரையிறுதி, 20.92 விநாடி.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். பாங்காக்கில் மூன்று தங்கம் வாங்கியபோது மாணவர். 1967இல் பட்டம். மறு ஆண்டு மெக்சிகோவில், டாக்டராக, தன் வாழ்நாளின் சிறந்த 200 மீட்டரை ஓடினார். 'பறக்கும் மருத்துவர்' என்று பத்திரிகைகள் அழைத்தது சும்மா இல்லை. வயது 24. அதுவே அவருடைய கடைசி ஒலிம்பிக். பிறகு மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநர், சுகாதாரத் துணைத் தலைமை இயக்குநர், ஆசிய விளையாட்டு உலகின் மருத்துவக் குழுவிலும் ஊக்கமருந்துத் தடுப்பிலும் முக்கியப் பொறுப்புகள். திடலை விட்டு அவர் விலகவே இல்லை. காலணியைக் கழற்றிவிட்டு வேறு வாசல் வழியாக உள்ளே வந்தார்.

மூன்றாமவர் கனகசபை குணாளன். காற்பந்து ஆடிக்கொண்டிருந்த இளம் ஆசிரியர். இருபது வயதைக் கடந்த பிறகு, டான் எங் யூன் என்ற பயிற்றுநர் கண்ணில் பட்டுத் தடத்துக்கு வந்தவர். இதைக் கவனியுங்கள். அமெரிக்கா தடத்திலிருந்து ஆளைப் பிடித்துக் காற்பந்துக்குக் கொண்டுபோனது. இங்கே காற்பந்திலிருந்து ஆளைப் பிடித்துத் தடத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1964இல் சிங்கப்பூர் மலேசியாவோடு இருந்ததால் டோக்கியோவில் ஜெகதீசனும் குணாளனும் ஒரே மலேசிய அணி. 1965 ஆகஸ்டில் பிரிவினை. 1966 டிசம்பரில் பாங்காக்கில் 100 மீட்டர் இறுதி: பழைய தோழர்கள் இருவரும் இரண்டு நாட்டுச் சட்டையோடு. இருவருக்கும் நிறுத்தற்கடிகாரம் காட்டிய நேரம் ஒன்றே. புகைப்படத்தைப் பார்த்துத்தான் தங்கம் ஜெகதீசனுக்கு, வெள்ளி குணாளனுக்கு என்று முடிவானது. நாம் இன்று வாகன நெரிசலைத் திட்டிக்கொண்டு கடக்கிற பாலத்தின் இரு கரைக்கும் ஆசியாவின் முதலிரண்டு வேகக்காரர்கள் சொந்தமாக இருந்தார்கள். இருவரும் தமிழர்கள்!

1968 மெக்சிகோவில் குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். சிங்கப்பூரில் அந்தச் சாதனை 33 ஆண்டு நின்றது. 2001இல் கோலாலம்பூர் சீ விளையாட்டில் யூ. கே. ஷியாம் அதை 10.37 ஆக்கினார், நூறில் ஒரு பங்கு விநாடி வித்தியாசத்தில். ஜெகதீசனின் 20.92 நம் நாட்டில் 49 ஆண்டு நின்றது. 2017இல் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 ஓடி முறியடித்தார்.

"அந்தக் காலத்து ஆள் அந்தக் காலத்து ஆள்தான்" என்று பெருமூச்சு விடுவது சுலபம். உண்மையான கணக்கையும் பார்க்க வேண்டும். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, ஓடுகிறவனைப் பின்னுக்குத் தள்ளும் எதிர்ப்பும் குறைவு. ஒலிம்பிக்கில் முதல் முறையாக ரப்பர் போன்ற செயற்கைத் தடம் அங்கேதான் போட்டார்கள். அதனால் குறுந்தூர ஓட்டக்காரர்கள் எல்லாருக்கும் அங்கே நேரம் குறைந்தது. நம்மவர்கள் இருவருக்கும் அதில் பங்கு உண்டு. அதைக் கழித்தாலும் 49 ஆண்டு என்பது கழியாது. புல் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடிய நாட்டிலிருந்து போனவர்கள் செய்தது அது.

இன்னொரு பெயரையும் சொல்லாமல் போனால் தவறாகும். 1966இல் நம் நாட்டின் தேசிய விளையாட்டு வீரர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. ஆண்களில் ஜெகதீசன். பெண்களில் எம். ராஜாமணி, டோக்கியோவில் ஓடியவர், பாங்காக்கில் 400 மீட்டர் தங்கம் வென்றவர். நாட்டின் முதல் இரண்டு விருதும் நம் பிள்ளைகளுக்கு. "நமக்கு விளையாட்டு வராது" என்று இனி யாராவது சொன்னால் இந்த ஆண்டைச் சொல்லுங்கள்.

சரி, மூன்று வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஜெகதீசன் புத்திசாலி, ஹேய்ஸ் ஏமாளி என்று நான் சொல்ல வரவில்லை. நிறம் பார்த்துப் பூட்டப்பட்ட ஊரில் பிறந்த பையனுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு எங்கே திறந்திருந்தது? அவனுக்குத் திறந்திருந்தது காற்பந்து ஒன்றுதான். அதில் நுழைந்தான், உச்சிக்குப் போனான். நம்மவர்களுக்கு அந்தக் கதவு கிடையாது. ஓடிச் சம்பாதிக்க அன்று இங்கே வழியே இல்லை. அதனால் ஓட்டத்தோடு கூடவே இன்னொரு தொழிலையும் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் டாக்டர் ஆனார், ஒருவர் உடற்கல்வி ஆசிரியராக ஒரு தலைமுறையை வளர்த்தார். சம்பளம் இல்லாத குறையே அவர்களுக்குக் காப்பாக அமைந்தது.

இப்போது ஜொகூருக்கு வருகிறேன். இங்கே அந்தக் கதவு திறந்துவிட்டது. ஜொகூர் டாருல் தக்சிம் காற்பந்து அணியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2014 முதல் ஆண்டுதோறும் சூப்பர் லீக் கிண்ணம். 2015இல் துஷான்பேயில் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்று, அதைத் தென்கிழக்காசியாவுக்கு முதலில் கொண்டுவந்த அணி. 2020 முதல் இஸ்கந்தர் புத்திரியில் சுல்தான் இப்ராஹிம் அரங்கம். தேசிய அணியில் ஆடிய எஸ். குணாளனை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூர்க் குணாளனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2009இல் நெகிரி செம்பிலான் மலேசியக் கிண்ணம் வென்ற காலம் முதல் வலப்பக்க ஓரத்தில் அவர் எடுத்த வேகத்தைப் பார்த்திருக்கிறோம். முன்னால் ஓடும் ஆட்டக்காரராக இருந்தவர், பிறகு தற்காப்பில் இறங்கி அங்கிருந்தே ஓட்டம் எடுத்தார். ஜொகூர்ச் சட்டையிலும் பல பருவம் ஆடினார். 1966இல் அப்படியொரு காலுக்கு இந்த மண்ணில் சம்பளம் கிடையாது. இன்று உண்டு.

மகிழ்ச்சிதான். ஆனால் கதவு திறந்தால் ஹேய்ஸின் கேள்வியும் கூடவே உள்ளே வரும்: முப்பத்திரண்டு வயதுக்குப் பிறகு என்ன? ஓடுவது பத்து ஆண்டு. அதற்குப் பிறகு நாற்பது ஆண்டு இருக்கிறது.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. வேகம் வெளிப்படுவது 12 வயதிலிருந்து 17 வயதுக்குள். எஸ்பிஎம் தேர்வு வருவதும் அதே வயதில். இரண்டும் ஒரே நாட்காட்டியில் மோதுகின்றன. நாம் உடனே ஒன்றை வெட்டிவிடுகிறோம். குறுந்தூர ஓட்டத்தின் பயிற்சி எப்படிப்பட்டது என்று ஒரு பயிற்றுநரிடம் கேட்டுப் பாருங்கள். முழு வேகத்தில் ஓடுவதை உடம்பு நெடுநேரம் தாங்காது. சில ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் இடையே நீண்ட ஓய்வு, அவ்வளவுதான். நீச்சல்காரனைப் போல விடியற்காலையிலிருந்து மணிக்கணக்கில் தண்ணீரில் கிடக்க வேண்டியதில்லை. படிப்போடு சேர்ந்து போகக்கூடிய விளையாட்டு ஒன்று உண்டென்றால் அது இதுதான். மருத்துவப் படிப்புக்கு நடுவே ஆசியாவை ஜெயித்த ஒருவர் நம்மிடம் இருக்கும்போது, "ஓடினால் படிப்பு கெடும்" என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது.

ஆசிரியர்களே, குணாளன் தடத்துக்கு வந்தது இருபது வயதுக்குப் பிறகு. காற்பந்துத் திடலில் ஒளிந்திருந்த ஓட்டக்காரரை ஒரு பயிற்றுநரின் கண் கண்டுபிடித்தது. உங்கள் தமிழ்ப்பள்ளி எத்தனை சிறியதாக இருந்தாலும், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் பாதித் திடல்தான் இருந்தாலும், பிள்ளைகளின் ஓட்ட நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யார் முதலில் வந்தார் என்பதோடு நிறுத்தாமல் எத்தனை விநாடி என்பதையும் எழுதுங்கள். அந்த நோட்டை இடைநிலைப்பள்ளிக்கும் அனுப்புங்கள். முதல் பரிசு வாங்கியவனை மறுவருடம் மறந்துவிடுகிறோம், எண் மறக்காது.

அணிகளையும் பயிற்சிக் கழகங்களையும் நடத்துகிறவர்களே, பதினைந்து வயதுப் பையனின் காலைக் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது அவன் தலையையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். அவன் எந்தப் பள்ளியில், எந்தத் தேர்வுவரை படிப்பான், காயம் பட்டு ஆட்டம் நின்றால் அடுத்து என்ன என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால், பெற்றோர்களே, நீங்கள் கேளுங்கள். "சம்பளம் எவ்வளவு" என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். காலைக் கொடுக்கிறவன் நம் பிள்ளை.

தம்பி தங்கைகளே, உங்களுக்குக் கடைசியாக. நீங்கள் ஓட வேண்டும். தயங்காமல், முழு வேகத்தில். ஜெகதீசனுக்குக் கிடைக்காத சம்பளம் உங்களுக்குக் கிடைக்கலாம். அதை வாங்குங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ஓடி முடித்த பிறகு நீங்கள் யாராக இருப்பீர்கள் என்பதை ஓடுகிற காலத்திலேயே தொடங்கிவிடுங்கள். அந்த வேலைக்கு ஓய்வு பெற்ற பிறகு நேரம் இருக்கும் என்று நினைத்தவர்கள் பலர். அப்போது அவர்களிடம் நேரம் இருந்தது, வேறெதுவும் இருக்கவில்லை.